மஞ்சள்கரு பூனைக்கா, மகனுக்கா?

கேள்வி: என் மகன் ஜிம்முக்குப் போகிறான். தினமும் ஆறு முட்டை அவித்து, மஞ்சள்கருவை எல்லாம் பூனைக்குப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் தின்கிறான். கேட்டால் கொழுப்பு என்கிறான். மகள் இப்போதுதான் வயசுக்கு வந்திருக்கிறாள். அவளுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டும் என்று மாமியார் நிற்கிறார்கள். கொடுக்கலாமா அம்மா?
வாசகி, தக்கலை

பதில்: இப்போதைக்கு உங்கள் வீட்டில் சத்தாகச் சாப்பிடுவது பூனைதான்!

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். வெள்ளையில் மூன்றரை, மஞ்சளில் இரண்டரை. ஆறு மஞ்சளைத் தூக்கிப் போட்டால் 15 கிராம், அதாவது இரண்டரை முட்டையின் புரதம் போச்சு. இந்தக் கணக்கை மகனிடம் சொல்லுங்கள், ஜிம் பிள்ளைகளுக்குக் கிராம் கணக்குதான் ஏறும். வைட்டமின் ஏ, டி, கோலின், கண்ணுக்கு வேண்டிய லூட்டின் எல்லாம் இருப்பது மஞ்சளில். பி12-ம் பெரும்பாலும் அதில்தான்.

ஒரு மஞ்சளில் கொலஸ்ட்ரால் 180 மில்லிகிராம் அளவுக்கு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே செய்கிறது. அதை அதிகம் ஏற்றிவிடுவது நெய், தேங்காயெண்ணெயில் இருப்பது போன்ற நிறைவுற்ற கொழுப்பு. சாப்பாட்டில் கொலஸ்ட்ரால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம்தான் என்று அமெரிக்க உணவு வழிகாட்டியில் இருந்த வரம்பையே 2015 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மஞ்சளில் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். அவியலில் நாம் தாராளமாக ஊற்றுகிறோமே தேங்காயெண்ணெய், அதில் ஒரு மேசைக்கரண்டிக்கு 11 கிராமுக்கு மேல்! நம் ஊரில் அதை யாரும் கணக்கு பார்ப்பதில்லை.

அதற்காக ஆறையும் முழுசாகத் தின்ன வேண்டாம். இரண்டு முழு முட்டை போதும். மிச்சப் புரதத்துக்குச் சாளை மீன் இருக்கிறது, சிறுபயறு இருக்கிறது. சர்க்கரை நோயோ பரம்பரையாகக் கொலஸ்ட்ராலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யட்டும்.

மகள் விஷயம். தோவாளைப் பக்கம் வளர்ந்தவள் நான், எங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான். ஆனாலும் பச்சை முட்டை வேண்டாம். வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் வரை உடம்பில் சேரும், பச்சையில் ஏறக்குறைய பாதிதான். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெந்தால் அந்தத் தொல்லை இல்லை. கோழி எச்சத்திலிருந்து வந்து வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி வேறு. வீட்டுக் கோழி முட்டைதானே என்று மாமியார் சொல்லக்கூடும், எச்சம் அதன் ஓட்டிலும்தான் ஒட்டியிருக்கும்.

மாமியார் மனசும் நோக வேண்டாம். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அப்படியே நடக்கட்டும். முட்டையை மட்டும் அதே நல்லெண்ணெயில், சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) நல்லமிளகும் போட்டு நன்றாக வேகவிட்டுக் கொடுங்கள். அப்புறம், முட்டையில் உள்ள இரும்புச்சத்து அவ்வளவாக உடம்பில் சேராது, வைட்டமின் சி-யும் கிடையாது. முருங்கையிலைத் தோரனில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து கொடுத்தால் பிள்ளைக்கு நல்லது.