கறியையும் பாலையும் குறைத்தால் மாதம் 350 வெள்ளி மிஞ்சுமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார், சம்பளம் ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி வரும். நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். 12, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். மாமியாருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்), பல வருடமாக அதற்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் வாங்கியதைக் குறித்து வைத்தேன்: கோழி 14 கிலோ 140 வெள்ளி (ரிங்கிட்), உறைய வைத்த ஆட்டிறைச்சி 4 கிலோ 152, மீன் 6 கிலோ 96, முட்டை நாலு தட்டு 52, பிள்ளைகளின் பால்மாவு 900 கிராம் பாக்கெட் இரண்டு 84, பெட்டிப்பால் 8 லிட்டர் 64, தயிர் 30, நெய் 38, கெட்டிப்பால் பத்து டின் 40. மொத்தம் 696 வெள்ளி. இதில் பாதியைக் குறைத்து மாதம் 350 வெள்ளி சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா சைவ மட்டனுக்கும் பாதாம் பாலுக்கும் மாறச் சொல்கிறார். கிரெடிட் கார்டில் 2,600 வெள்ளி பாக்கி இருக்கிறது. மிஞ்சுகிற பணத்தை எங்கே போடுவது?

பதில்: 350 வெள்ளி மிஞ்சாது, சகோதரி. 200 மிஞ்சும். கறிக்குப் பதிலாகச் சட்டிக்குள் எதையாவது போட்டுத்தானே ஆக வேண்டும்? அதற்கும் காசு வேண்டும். அந்தச் செலவைக் கழிக்காமல் போடும் கணக்குதான் இரண்டாவது மாதமே உடைந்து போகிறது.

எதைக் குறைப்பது என்பதைக் கிலோ விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 10 கிராம் புரதம் எத்தனை காசுக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். உங்கள் விலையிலேயே போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ முழுக்கோழியில் எலும்பும் கழிவும் போக ஏறத்தாழ 120 கிராம் புரதம் தேறும். 10 கிராமுக்கு 83 காசு. முட்டை ஒன்று 43 காசு, அதில் 6 கிராம்; அதாவது 72 காசு. எலும்போடு வாங்கும் ஆட்டிறைச்சியில் 10 கிராமுக்கு 2 வெள்ளி 50 காசைத் தாண்டுகிறது. பெட்டிப்பால் 2 வெள்ளி 40 காசு. பிள்ளைகளின் பால்மாவு பாக்கெட்டில் 100 கிராமுக்குப் புரதம் 15 கிராம் என்று போட்டிருந்தால் 3 வெள்ளிக்கு மேல். இந்தக் கணக்கில் அதுதான் விலை கூடியது! பருப்புப் பக்கம் வாருங்கள். துவரம் பருப்பு கிலோ 8 வெள்ளி என்றால் 36 காசு. பசாரில் 2 வெள்ளிக்கு விற்கும் 250 கிராம் டெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி) 43 காசு.

கோழியும் முட்டையும் உங்கள் வீட்டின் செலவாளிகள் அல்ல. எல்லாரும் முதலில் கை வைப்பது கோழியில்தான். அதில் மிஞ்சுவது கொஞ்சம், பிள்ளைகள் முகம் சுளிப்பது அதிகம். ஆட்டிறைச்சியை 4 கிலோவிலிருந்து 1 கிலோவாக்குங்கள்: 114 வெள்ளி. பால்மாவு இரண்டையும் நிறுத்துங்கள்: 84. 12, 9 வயதில் மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. பெட்டிப்பால் 8 லிட்டரை அப்படியே அவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோழி 14 கிலோ 11 ஆகட்டும்: 30. கெட்டிப்பால் பாதி: 20. அந்த டின்னின் சீட்டைப் படித்துப் பாருங்கள். பல டின்களில் இருப்பது பாமாயில் கொழுப்பு கலந்த கிரீமர். ஏறக்குறைய பாதி சர்க்கரை. மாமியாருக்குத் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) போதும், அதுவும் சர்க்கரை இல்லாமல். நெய் பாதி: 19. ஆக, மொத்தம் குறைவது 267 வெள்ளி.

இனிக் கூட்ட வேண்டியது. பருப்பு 3 கிலோ 24 வெள்ளி, டெம்பே எட்டுப் பாக்கெட் 16, கொண்டைக்கடலை 2 கிலோ 14, முட்டை இன்னொரு தட்டு 13. மொத்தம் 67. கையில் நிற்பது 200. புரதம் குறைகிறதா என்று கேட்டால், இல்லை. விட்டது மாதம் 1,080 கிராம், வந்தது 1,600 கிராம் அளவில்.

சைவ மட்டன் விஷயத்தில் அக்கா சொல்வதைக் கேட்காதீர்கள். கோதுமைப் பசையும் சோயாவும் உப்பும்தான் பெரும்பாலும். அரை கிலோ 14 வெள்ளி என்றால் கிலோ 28, ஆட்டிறைச்சிக்கு அருகில் வந்துவிடுகிறது. மென்று தின்ன ஏதாவது வேண்டுமென்றால் காய்ந்த சோயா உருண்டை வாங்குங்கள். 100 கிராமில் 50 கிராம் புரதம். வெந்நீரில் 15 நிமிடம் ஊற வைத்து, இரண்டு தடவை பிழிந்துவிட்டு மசாலாவில் போட வேண்டும். பிழியாவிட்டால் சோயா வாடை குழம்பு முழுக்க ஏறிவிடும். பாதாம் பாலில் ஒரு குவளைக்குப் புரதம் 1 கிராம் அளவில்தான். தண்ணீருக்குக் கொடுக்கிற விலை அது.

சமையலில் கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், பணம் கசிவது அங்கேதான். கொண்டைக்கடலையை ஊற வைக்காமல் திறந்த சட்டியில் போட்டால் ஒன்றரை மணி நேரம் எரிவாயு எரியும், அப்போதும் வேகாது. இரவே உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் புதுத் தண்ணீரில் குக்கரில் 20 நிமிடம் வையுங்கள். அப்படியும் கல்லாக இருந்தால் கடலை பழையது, கடையை மாற்றுங்கள். மூன்று வேளைக்கானதை ஒரே தடவையில் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு டப்பாவில் போட்டு உறைய வைக்கலாம். டெம்பே வெளியில் இருந்தால் அதிலுள்ள பூஞ்சை வளர்ந்துகொண்டே போகும். இரண்டாம் நாள் கறுக்கும், பிறகு மூத்திர வாடை அடிக்கும். எட்டுப் பாக்கெட்டை ஒரேயடியாக வாங்குவதானால் துண்டு போட்டு, பத்து நிமிடம் ஆவியில் வைத்து, ஆறியதும் உறைபெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பருப்பில் வண்டு விழும். வாங்கிய உடனே நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்து டின்னில் கொட்டினால் தங்கும். முதல் வாரமே தினமும் கடலை போட்டால் வயிறு ஊதும், கணவர் போர்க்கொடி தூக்குவார். வாரம் இரண்டு நாளில் ஆரம்பியுங்கள்.

இன்னொரு கசிவு வீட்டுக்கு வெளியே. சாப்பாடு பிடிக்காத அன்று பையன் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வறுத்த கோழி வாங்கினால், ஒரு வாரம் மிச்சப்படுத்தியது அங்கேயே போகும். போன புரட்டாசி மாதத்துக் கடை ரசீது கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் விரத மாதச் செலவு குறைவதில்லை, பனீரும் வாழை இலைச் சாப்பாடும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் வைத்த 1 கிலோ ஆட்டிறைச்சியை வாரா வாரம் கால் கிலோவாகப் பிரிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறைவாகச் சமைத்துவிடுங்கள். தீபாவளிக் கறிக்கு வேறு டப்பாவில் தனியாகச் சேருங்கள், இந்த 200இல் கை வைக்காதீர்கள்.

பால்மாவு போனால் சுண்ணாம்புச் சத்து குறையும். எலும்போடு சாப்பிடும் நெத்திலி, முருங்கைக்கீரை, கேழ்வரகு மூன்றையும் வாரத்தில் சுழற்றுங்கள். 30 கிராம் கேழ்வரகில் 100 மில்லிகிராம் கிடைக்கும். பசலைக்கீரையை இதற்கு நம்ப வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சத்தை உடம்பில் சேர விடாது. சோற்றோடு தேநீர் குடிக்கிற வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைத் தேநீர் தடுக்கும்.

மாமியார் விஷயம் தனி. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையக்கூடும். அது செடிகொடியில் கிடைக்காத சத்து. அவருடைய முட்டையிலும் மீனிலும் எதையும் குறைக்காதீர்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் அடுத்த தடவை போகும்போது பி12 பரிசோதனை பற்றியும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பருப்பைக் கூட்டுவதற்கு முன் டாக்டர் அளவு சொல்ல வேண்டும்.

விலையும் நிற்காது. கோழிக்கான உதவித்தொகையும் விலைக்கட்டுப்பாடும் 2023 நவம்பர் 1ஆம் தேதியோடு போய்விட்டன. முட்டைக்கான உதவித்தொகை 2025 ஆகஸ்ட் 1 முதல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரதக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். முட்டை 50 காசைத் தாண்டினால் கோழி மலிவாகத் தெரியும்.

பணத்துக்கு வருவோம். 7ஆம் தேதி சம்பளம் என்றால், 8ஆம் தேதி 200 வெள்ளி தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று விட்டால் மிஞ்சாது. முதலில் கார்டுக் கடன். 18 விழுக்காட்டு வட்டியில் 2,600 வெள்ளிக்கு மாதம் 39 வெள்ளி வட்டி மட்டும் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 5 விழுக்காடு என்றால் இப்போது 130. அந்த 130ஐ இறங்க விடாமல் பிடித்துக்கொண்டு 200ஐயும் சேர்த்து மாதம் 330 கட்டினால் ஒன்பதாவது மாதம் தீரும். அதுவரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் தேய்க்கக்கூடாது.

கடன் தீர்ந்த பிறகு, தையல் உங்கள் சொந்தத் தொழில் என்பதால் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) ஐ-சாரான் திட்டத்தில் உங்கள் பெயரில் பதியுங்கள். 2025 முதல் நீங்கள் போடுவதற்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, ஆயுளுக்கு 5,000 வரை. மாதம் 200 என்றால் ஆண்டுக்கு 2,400. அரசாங்கம் தருவது 480. சேமிப்புக் கணக்கில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் போடுவதில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்கில் பூட்டிக்கொள்ளும், 15 விழுக்காட்டைக் கல்வி போன்ற காரணங்களுக்கு எடுக்கலாம், 10 விழுக்காட்டை மட்டும் நினைத்தபோது எடுக்கலாம். மூத்த பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு இதை நம்ப முடியாது. அந்த நேரத்தில் கார்டுக்குக் கட்டிவந்த 130 வெள்ளி விடுபட்டிருக்கும் அல்லவா? அதைப் பிள்ளை பெயரில் எஸ்எஸ்பிஎன் (அரசாங்கக் கல்விச் சேமிப்புத் திட்டம்) கணக்கில் போடுங்கள்.