பழைய டிஎஸ்எல்ஆரா, பைக்குள் அடங்கும் கேமராவா? முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள்

கேள்வி: தென்காசிப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு வயதில் ஒரு மகள். போனில் எடுத்தால் பகலில் படம் நன்றாகவே வருகிறது. ராத்திரி வீட்டுக்குள் அவள் ஓடினால் எல்லாம் கலங்கல்தான். நண்பர் ஒருவர் தன்னுடைய நிக்கான் டி3100-ஐ, கேமராவோடு சேர்த்து விற்கும் 18-55 கிட் லென்ஸோடு 11,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். சென்னையில் இருக்கும் மைத்துனனோ, "அத்தான், அந்தச் சுமையை வாங்காதீங்க. சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடல் ஒண்ணு 19,000-க்கு இருக்கு, பாக்கெட்ல போட்டுக்கலாம்" என்கிறான். வீடு, ஊர்த் திருவிழா, எப்போதாவது குற்றாலம், வருஷத்துக்கு ஒரு பயணம். இவ்வளவுதான் என் தேவை. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டுமே கிழடுகள்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டி3100 வந்தது 2010 ஆகஸ்டில். ஆர்எக்ஸ்100 வந்தது 2012 ஜூனில். ஆகவே எது புதுசு என்று பார்த்து முடிவெடுக்க இங்கே ஒன்றுமில்லை. இரண்டுமே ஒழுங்காக வைத்துக்கொண்டால் இன்றைக்கும் நல்ல படம் எடுக்கும்.

கடைக்காரர்களும் நண்பர்களும் டிஎஸ்எல்ஆரை (லென்ஸைக் கழற்றி மாற்றும் பெரிய கேமரா, டி3100 அந்த வகை) விற்கும்போது சென்சார், அதாவது உள்ளே படம் விழும் சில்லு, பெரிசு என்பார்கள். உண்மைதான். டி3100-இன் சென்சார் 23.1 மி.மீ.க்கு 15.4 மி.மீ. ஆர்எக்ஸ்100-இன் சென்சார் 13.2-க்கு 8.8. பரப்பில் மூன்று மடங்கு வித்தியாசம். கேமரா என்றால் பெரிசாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கே போதும், பணத்தை எண்ணி வைத்துவிடுவார்கள்.

ஆனால் பழைய ஓட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்காகக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். கூடம் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் உள்ளே இறங்கும் வெளிச்சம் அந்தக் கண்ணாடி ஓட்டின் அளவுக்குத்தான். கேமராவில் சென்சார் என்பது கூடம். லென்ஸுக்குள் இருக்கும் துளைதான் கண்ணாடி ஓடு. ஒரே காட்சியை, ஒரே ஷட்டர் வேகத்தில் இரண்டு கேமராவிலும் எடுத்தால், எதன் துளை பெரிசோ அதற்குத்தான் வெளிச்சம் அதிகம் கிடைக்கும்.

இந்தத் துளையை அளக்க லென்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வந்துவிடும். உங்கள் நண்பரின் கிட் லென்ஸ் அகலக் கோணத்தில் 18 மி.மீ., எஃப் 3.5. வகுத்தால் 5.1 மி.மீ. ஆர்எக்ஸ்100-இன் லென்ஸ் அதே அகலக் கோணத்தில் 10.4 மி.மீ., எஃப் 1.8. வகுத்தால் 5.8 மி.மீ. பார்த்தீர்களா? முக்கால் கிலோ கேமராவை விட 240 கிராம் கேமராவின் ஓட்டை ஒரு நூல் பெரிசு! ஜூமை முழுக்க இழுத்தால் கதை மாறும். கிட் லென்ஸுக்கு 55-ஐ 5.6-ஆல் வகுத்து 9.8 மி.மீ. சோனிக்கு 37.1-ஐ 4.9-ஆல் வகுத்து 7.6 மி.மீ. இங்கே நிக்கான் முந்துகிறது, ஆனால் ராத்திரி வீட்டுக்குள் ஓடும் குழந்தைக்கு இரண்டுமே போதாது. சோனியிலும் அந்த எஃப் 1.8 அகலக் கோணத்தின் தொடக்கத்தில் மட்டும்தான். சற்று ஜூம் செய்தாலே அந்த எஃப் எண் கைவிட்டுப் போய்விடும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பதை நம்பி ஏமாறுகிற இடம் இது.

அதனால் உங்கள் நண்பர் சொன்ன பொருளை அவர் சொன்னபடியே, கிட் லென்ஸோடு வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், மைத்துனன் பேச்சைக் கேளுங்கள். சோனியே மேல்.

ஆனால் டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம் அல்லவா? அதற்காகத்தானே அந்தச் சுமையைத் தூக்குகிறோம்! இரண்டு கேமராவின் விலைக்கும் நடுவே எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிக்கானின் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸைப் பழையதாகத் தேடுங்கள். 2009-இல் வந்த லென்ஸ், நிறையப் பேர் வாங்கினார்கள், அதனால் நிறையப் பேர் விற்கிறார்கள். 35-ஐ 1.8-ஆல் வகுத்தால் 19.4 மி.மீ. கிட் லென்ஸை அதே 35 மி.மீ.யில் நிறுத்தினால் எஃப் எண் 5-ஐ ஒட்டி நிற்கும், அதாவது 7 மி.மீ. துளை. பரப்பில் கணக்குப் பார்த்தால் ஏழு மடங்குக்கு மேல் வெளிச்சம்.

இதை உங்கள் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு வருவோம். ஒரே ஒரு டியூப்லைட் எரிகிறது, மகள் ஓடுகிறாள். அசைவு தெரியாமல் பிடிக்க ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது வேண்டும். கிட் லென்ஸில் இதற்கு ஐஎஸ்ஓவை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டும் அளவை, 10,000-க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும். டி3100-இன் இயல்பான எல்லையே 3200, அதற்கு மேல் போனால் முகத்தில் ரவையைத் தூவிய மாதிரி இருக்கும். 35 மி.மீ. லென்ஸில் அதே படம் ஐஎஸ்ஓ 1600-க்குள் முடிந்துவிடும். அந்த அளவில் இந்தக் கேமரா தாராளமாகத் தாங்கும். இதில் விஆர், அதாவது லென்ஸுக்குள் இருக்கும் கைநடுக்கத் தடுப்பு, உதவவே உதவாது. அது உங்கள் கை ஆடுவதைத் தடுக்குமே தவிர குழந்தை ஓடுவதைத் தடுக்காது. (உங்கள் வீட்டில் இன்னும் சோக் வைத்த பழைய டியூப்லைட் இருந்தால் 1/250-இல் படத்துக்குப் படம் நிறமும் வெளிச்சமும் மாறும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து ஓட வேண்டாம். எல்ஈடி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.)

பின்னணி மங்கி முகம் மட்டும் பளிச்சென்று தெரிவதும் இதே துளையின் விளையாட்டுத்தான். அந்தப் படம் சோனியில் வராதா என்றால், மிக அருகில் போனால் கொஞ்சம் வரும். ஆனால் அகலக் கோணத்தில் குழந்தையின் முகத்துக்கு அருகே போனால் மூக்கு பெரிதாகிவிடும். பாட்டிமார் விடமாட்டார்கள்.

ஓடும் குழந்தைக்கு இன்னொரு காரணத்தாலும் டிஎஸ்எல்ஆர் நல்லது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கிறது. அதன் வழியே பார்க்கும்போது ஃபோகஸ் பிடிக்கத் தனி சென்சார் வேலை செய்கிறது, தேடித் தடவாமல் ஒரே பாய்ச்சலில் போய் நிற்கும். டி3100-இல் பதினொரு ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. நடுப்புள்ளியை மட்டும் வைத்து, ஏஎஃப்-சி முறையில், அதாவது ஓடுகிறவரை ஃபோகஸ் விடாமல் தொடரும் முறையில், போட்டுவிடுங்கள். போன் பழக்கத்தில் பின்திரையைப் பார்த்து எடுத்தீர்களோ, தொலைந்தது. லைவ் வியூவில் இந்தக் கேமரா எருமை மாடு. அந்தத் திரையும் சுமார்தான், படம் சரியாக விழுந்ததா என்று அதில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். சோனியின் திரை பல மடங்கு தெளிவு. ஆனால் அதில் வியூஃபைண்டரே கிடையாது. உச்சி வெயிலில் தேர் வடம் பிடிக்கும்போது திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

வீடியோவுக்கு இரண்டையும் மறந்துவிடுங்கள். போனில் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதில் பணத்தை இழந்தவர்கள் அதிகம். டி3100-இன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும், அதாவது பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்க வேண்டும். நிக்கானின் 50 மி.மீ. எஃப் 1.8டி என்ற லென்ஸ் பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும். கடைக்காரர் "சார், போர்ட்ரெய்ட்டுக்கு இதான் கிங்" என்று அதைத் தள்ளிவிடப் பார்ப்பார். உங்கள் கேமராவில் அது மாட்டும், ஆனால் ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருக வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையைத் துரத்திக்கொண்டு அது நடக்காது. அதே 50-இல் ஜி என்று முடியும் ஏஎஃப்-எஸ் லென்ஸ் 2011-இல் வந்தது, அது வேலை செய்யும். ஆனால் இந்த சென்சாரில் 50 என்பது 75 மாதிரி நடந்துகொள்ளும். நம் வீட்டுக் கூடங்களில் முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போக வேண்டிவரும். 35 தான் சரி.

இனி மைத்துனன் சொன்ன சுமைக்கு வருவோம். டி3100 பேட்டரியோடு 505 கிராம், கிட் லென்ஸ் ஏறத்தாழ கால் கிலோ. வாங்குவதற்கு முன் முக்கால் கிலோ துவரம்பருப்பை ஒரு தோள்பையில் போட்டு ஒரு வாரம் எங்கே போனாலும் கொண்டுபோய்ப் பாருங்கள். பள்ளிக்கு, சந்தைக்கு, மாமனார் வீட்டுக்கு. மூன்றாம் நாளே பையை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தோன்றினால் நீங்கள் டிஎஸ்எல்ஆர் ஆள் இல்லை. கிண்டலாகச் சொல்லவில்லை. என்னுடைய முதல் டிஎஸ்எல்ஆர் அதன் தோல்பையோடு பீரோவில் ஓர் ஆண்டுக்கு மேல் தூங்கியது. அந்த ஆண்டின் குடும்பப் படங்கள் எல்லாம் என் மனைவி ஒரு சின்னக் கேமராவில் எடுத்தவை. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது.

கூட்டத்திலும் சின்னக் கேமராவுக்குத்தான் மரியாதை, அதாவது மரியாதை இல்லாததே அதன் வசதி. திருவிழாவில் பெரிய கேமராவைத் தூக்கினால் "எந்தப் பத்திரிகை சார்?" என்று நாலு பேர் கேட்பார்கள், வில்லுப்பாட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சோனியைக் கையில் மறைத்து வைத்து எடுத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. சட்டைப்பையில் மட்டும் போடாதீர்கள், சட்டையை ஒரு பக்கம் இழுக்கும். பேன்ட் பையில் அடங்கும். குற்றாலத்தில் சாரலுக்கு இரண்டையும் காட்டக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு: நீங்கள் முதலில் குறிப்பிட்டது மகளை, ராத்திரியை, வீட்டை. அதனால் டி3100, கூடவே 35 மி.மீ. லென்ஸ். நண்பரிடம் கிட் லென்ஸ் வேண்டாம், பாடியை மட்டும் குறைத்துக் கொடு என்று கேட்டுப் பாருங்கள். அவர் மனம் வைத்தால், மிஞ்சும் பணத்தில் இன்னொரு பேட்டரி வாங்கலாம். பருப்பு மூட்டைப் பரிட்சையில் தோற்றால் யோசிக்காமல் சோனி. நண்பரும் மைத்துனனும் சொல்லாத மூன்றாவது வகை ஒன்று உண்டு. இப்போது பிள்ளைகள் தேடி அலையும் பழைய ஒல்லிக் கேமராக்கள். அவற்றின் சென்சார் பெரும்பாலும் 6.2-க்கு 4.6 மி.மீ. அளவுதான். உங்கள் போனிலேயே அதைவிடப் பெரிய சென்சார் இருக்கக்கூடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். டி3100-இல் எஃப் 22 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அதைச் சுத்தம் செய்துவிடலாம், பேரம் பேச மட்டும் பயன்படுத்துங்கள். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி ஓடினால் அது பூஞ்சை, அந்த லென்ஸை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எடுத்த படத்தின் ஃபைலை ஷட்டர் கவுண்ட் காட்டும் தளம் ஏதாவதொன்றில் ஏற்றினால் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும், நிக்கான் அந்த எண்ணைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கிறது. முப்பது, நாற்பதாயிரம் என்றால் கவலையில்லை. லட்சத்தை நெருங்கினால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

சோனியானால் ஆன், ஆஃப் பத்து முறை செய்து, லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும் சத்தத்தைக் கேளுங்கள். கரகரவென்றால் உள்ளே மணல். பிரித்துச் சுத்தம் செய்யும் செலவுக்குப் பேசாமல் வேறொன்று வாங்கிவிடலாம். இதிலும் சின்னத் துளை வைத்து வானத்தை எடுத்துப் பாருங்கள். உள்ளே புகுந்த தூசியை எளிதில் எடுக்க முடியாது.

எதை வாங்கினாலும் பீரோவில் துணிக்கு நடுவே வைக்காதீர்கள். மளிகைச் சாமான் போடும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், அரிசித் தூள் லென்ஸுக்குள் போகும். கடைசியாக, டி3100-க்குத் தனிச் சார்ஜர் வேண்டும், போன் சார்ஜர் உதவாது. பணம் கொடுப்பதற்கு முன் நண்பரிடம் அது எங்கே என்று கேட்டுவிடுங்கள்.