மார்கழியில் கால் வெள்ளை பூத்து அரிப்பது ஏன்?

சென்னையில் பெரிய குளிரே இல்லாதபோது, மார்கழி, தை மாதங்களில் மட்டும் கால் வெள்ளை பூத்து அரிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது காற்றிலுள்ள நீராவியின் அளவும் குறைந்து தோல் வறள்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அப்போது நாம் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளும் வென்னீரே என்பது என் கருத்து. மேல்தோலின் செல்களுக்கிடையே ஈரத்தைப் பிடித்துவைக்கும் கொழுப்பை வென்னீரும் சோப்பும் சேர்ந்து கரைத்துவிடுகின்றன.

ஆகவே வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடத்துக்குள் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். காய்ந்தபின் தடவினால் பாதிப் பயன்தான்.

காசிமேட்டில் விடியற்காலையிலேயே ஐஸிலும் உப்புநீரிலும் கைவிட்டு மீன் பிரிக்கும் அக்காமார்களின் விரல் மூட்டுகளில் கோடுகோடாக வெடித்திருப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. அவர்கள் வேலைக்கு ரப்பர் கையுறை அணிவதும், முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி வாசலின் பூசுவதும் அவசியம். குதிகால் வெடிப்புக்கு இரவில் வாசலின் தடவிப் பருத்திக் காலுறை அணியலாம். சர்க்கரை நோயாளிகள் மட்டும் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அரிப்பு வட்டமாக, ஓரம் தடித்துப் பரவினால் அது வறட்சியன்று, படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அதை மேலும் பரப்பிவிடும் என்பதால், தயவுசெய்து ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்கள்.