புற்று இல்லை என்கிறார்கள், அப்புறம் எதற்கு அறுவை சிகிச்சை?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. கீழ்த்தாடையின் வலப்பக்கம், கடைவாய்ப்பற்கள் இருக்கும் இடத்தில், ஒரு வருடமாக மெல்ல மெல்ல வீங்கி வருகிறது. வலி துளியும் இல்லை, சொத்தையும் இல்லை. ஓபிஜி எக்ஸ்ரே பார்த்த பல் மருத்துவர், "பல் திசுவில் இருந்து வந்த கட்டி போலிருக்கிறது, புற்றாகத் தெரியவில்லை, ஆனால் பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும்" என்கிறார். என் அக்கா மகனுக்கும் 12 வயதில் பல் கட்டி என்றுதான் சொன்னார்கள். சின்ன ஆபரேஷன், அன்றோடு முடிந்தது. இவரோ, "வலியும் இல்லை, புற்றும் இல்லை. கத்தி பட்டால்தான் கெட்ட கட்டியாக மாறும்" என்று மறுக்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விடக் கூடாது, சகோதரி. இந்த மாதமே பயாப்ஸி (கட்டியில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது) எடுத்துவிடுங்கள். உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. அவரும் படிக்கட்டும் என்றுதான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் பற்கள் தாடைக்குள் உருவாகும்போது எனாமலைச் செய்ய ஒரு வகைச் செல்கள், வேரைச் சுற்றி இன்னொரு வகை என்று பல செல்கள் வேலை செய்கின்றன. பல் முளைத்த பிறகும் அவற்றின் மிச்சம் எலும்பிலும் ஈறிலும் தங்கிவிடுகிறது. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். மிகச் சிலருக்கு மட்டும் அந்த மிச்சம் திடீரென்று வளரத் தொடங்கிக் கட்டியாகிறது. சரியாகப் பல் துலக்காததாலோ இனிப்புச் சாப்பிட்டதாலோ வருவதில்லை இது. சிலவகைக் கட்டிகளின் செல்களில் மரபணு மாற்றம் இருப்பது இப்போது தெரிய வந்திருக்கிறது. அதனால் அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

இப்படி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்லாதவைதான். ஆனால் 'புற்று அல்லாதது' என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கட்டிகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் குழப்பம் வந்ததும் இங்கேதான்.

அக்கா மகனுக்கு இருந்தது பெரும்பாலும் ஓடோன்டோமாவாக இருந்திருக்கும். அந்த வயதில் அதிகம் காணப்படுவது அதுதான். பால்பல் விழுந்து நாளாகியும் அந்த இடத்தில் நிலைப்பல் வரவில்லை என்று எக்ஸ்ரே எடுப்பார்கள், பல்லின் வழியை மறித்துக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். முன்பற்கள் பக்கம் வரும் வகையை எடுத்துத் தட்டில் வைத்தால் பார்க்கவே ஆச்சரியமாக இருக்கும்: அரிசி மணி அளவில் குட்டிக் குட்டிப் பற்கள், சிலவற்றுக்கு நூல் போல வேர்கூட இருக்கும். ஒரே பையில் பத்து, இருபது என்று வரும். உண்மையில் அது கட்டி என்பதைவிடத் தாறுமாறாக உருவான பல் என்பதே சரி. ஓரளவு வளர்ந்ததும் தானாக நின்றுவிடும். எடுத்துவிட்டால் திரும்ப வருவது மிக அரிது.

உங்கள் கணவரின் கதை வேறு. கடிதத்தை வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நடுவயது, கீழ்த்தாடையின் பின்பகுதி, வலியில்லாமல் மெதுவாக வளரும் வீக்கம் என்று கேட்டாலே எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது அமெலோபிளாஸ்டோமாவைத்தான். எனாமல் செய்யும் செல்களின் வழியில் வருவது இது. ஐந்தில் நான்கு பங்கு கீழ்த்தாடையில்தான் வரும், அதிலும் கடைவாய்ப்பல் பக்கம். எக்ஸ்ரேயில் சோப்பு நுரைக் குமிழ்களைச் சேர்த்து வைத்ததுபோல் அறை அறையாகத் தெரிவது உண்டு. பக்கத்துப் பற்களின் வேர் நுனிகள் கரைந்து மழுங்கியிருக்கும். எலும்பு கன்னப் பக்கம் மட்டுமின்றி நாக்குப் பக்கமும் புடைக்கும். எலும்பு நன்றாக மெலிந்துவிட்ட இடத்தில் விரலால் லேசாக அழுத்தினால் முட்டை ஓடு நொறுங்குவது போன்ற உணர்வு விரலுக்குத் தெரியும். (வீட்டில் அழுத்திப் பார்க்க வேண்டாம், அதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.)

இது வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. அதனால்தான் புற்று அல்லாதது என்கிறோம். ஆனால் இருக்கும் இடத்தில் சும்மா இருக்காது. எலும்பின் நுண்ணிய இடுக்குகளுக்குள் விரல் நுழைப்பதுபோல் நுழைந்துகொண்டே போகும். எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டியும் அதன் செல்கள் இருக்கும். வருடக்கணக்கில் விட்டால் முகம் கோணும், பற்கள் ஆடும், மெலிந்த தாடை ஒருநாள் சாதாரணமாகக் கடிக்கும்போதே முறியலாம். வலி இல்லாததுதான் இதில் பெரிய ஆபத்து. வலித்திருந்தால் பத்து மாதம் முன்பே வந்திருப்பார்.

அதே இடத்தில் வேறு சிலவும் வரலாம். கெரட்டோசிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. வெளியே அதிகம் வீங்காமல் எலும்பின் நீளவாக்கில் உள்ளேயே பரவும். அதை எங்கே சேர்ப்பது என்று மருத்துவ உலகமே தடுமாறியது. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் அதைக் கட்டிகளின் பட்டியலில் சேர்த்து, 2017-ல் மறுபடியும் நீர்க்கட்டி என்று மாற்றியது. மிக்ஸோமா என்பது கொழகொழவென்று கூழ்போல் இருக்கும், உறை இல்லாததால் சுரண்டி எடுத்தால் மிச்சம் நின்றுவிடும். விதிவிலக்காக வலிக்கும் கட்டியும் உண்டு: கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் வேரோடு ஒட்டி வளரும் சிமென்டோபிளாஸ்டோமா. சொத்தைப்பல் செத்துப்போய் அதன் வேர் நுனியில் வரும் நீர்க்கட்டியோ இவற்றைவிட மிகச் சாதாரணம். உங்கள் மருத்துவர் குளிர்ச்சியோ மின்தூண்டலோ வைத்து அந்தப் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று சோதித்திருந்தால் அது இதற்காகத்தான்.

இவற்றில் பல எக்ஸ்ரேயில் ஒன்றுபோல் மற்றொன்று தெரியும். உறுதியாகப் பிரித்துச் சொல்வது பயாப்ஸிதான். கத்தி பட்டதால் சாதுவான கட்டி புற்றாக மாறுவதில்லை. அது என்னவாக இருந்ததோ அதுவாகவேதான் இருக்கும், நமக்குப் பெயர் தெரிகிறது, அவ்வளவுதான். பெயர் தெரியாமல் செய்யும் ஆபரேஷனைத்தான் நான் அஞ்சுவேன். அமெலோபிளாஸ்டோமாவை ஓடோன்டோமாபோல் நினைத்துச் சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். வழக்கமான வகை என்றால் சுற்றிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுப்பார்கள். ஒற்றை அறையாக வரும் வகையில், அதன் உள்ளமைப்பைப் பொறுத்து, இதைவிடச் சிறிய சிகிச்சை போதும். எலும்பு அதிகம் போனால் காலில் இருந்து எலும்பெடுத்துத் தாடையைத் திரும்ப அமைக்கலாம், பிறகு அதில் பல்லும் வைக்கலாம். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் கட்டி சிறிதாக இருக்கும்போதே போனால் இழப்பும் சிறிது.

இன்னொன்று. கீழ் உதடோ முகவாயோ மரத்துப்போனாலும், வீக்கம் சில வாரங்களில் வேகமாகப் பெருத்தாலும், வாய் திறக்க முடியாமல் போனாலும், இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் வந்தாலும், பயாப்ஸி தேதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

போகும்போது அவருடைய பழைய புகைப்படங்கள் இரண்டு மூன்றை எடுத்துப் போங்கள், நேராகப் பார்த்து எடுத்தவையாக. ஒரு வருடம் என்று சொல்பவர்கள் கொண்டுவரும் மூன்று வருடத்துக்கு முந்தைய படத்திலேயே ஒரு பக்கத் தாடை லேசாகத் தடித்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று மருத்துவர் கணிக்க அது உதவும். ரிப்போர்ட் வந்ததும், 'சாதாரணக் கட்டிதான்' என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். கட்டியின் முழுப்பெயரையும் வகையையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அமெலோபிளாஸ்டோமா என்றால் பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்ததும் உண்டு. அப்போது பார்க்கப்போகும் மருத்துவர் வேறொருவராக இருக்கலாம், அவர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.