ஸ்கைரிமில் வரும் ம்சுல்ஃப்ட் வானாய்வுக்கூடத்தின் வரலாறு என்ன? ட்வெமர்கள் அதை எதற்காகக் கட்டினார்கள்?

ம்சுல்ஃப்ட்டின் உள்ளே இருக்கும் அந்த ஆக்குலரி அறையைப் பார்த்தால் யாருக்கும் வானாய்வுக்கூடம் என்றுதான் தோன்றும். குவிந்த கூரை, சுழலும் வளையங்கள், லென்ஸ்கள், நடுவில் ராட்சத பித்தளை எந்திரம். ஆனால் எந்திரங்களில் கைதேர்ந்த பழைய எல்ஃப் இனமான ட்வெமர்கள் அதை வைத்து நட்சத்திரங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதவில்லை. நட்சத்திர வெளிச்சத்தைப் பிடித்துப் பிரித்து வேலை வாங்கப் பார்த்தார்கள். அது ஏன் என்று புரிய, முதலில் அந்த உலகத்து வானம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்கைரிம் அடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுத் தொடரின் கதைகளில் சூரியன் என்பது ஓர் ஓட்டை. முண்டஸ் எனும் மண்ணுலகைப் படைக்கும் வேலையில் கடவுளர்கள் தங்கள் சக்தியை இழந்துகொண்டே போக, அந்த உலகுக்கே திட்டம் வரைந்து கொடுத்த மேக்னஸ் பாதியில் கழன்றுகொண்டார். அவர் கிழித்துக்கொண்டு வெளியேறிய இடம்தான் சூரியன். அவர் பின்னால் ஓடிய கூட்டம் போட்ட சிறிய ஓட்டைகள் நட்சத்திரங்கள். ஓட்டைகளுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஏதீரியஸ், மந்திர சக்தியின் ஊற்று. நம் கதாபாத்திரத்தின் நீல நிற மேஜிக்கா பட்டை தானாக நிரம்புகிறதே, அது அங்கிருந்து கசிந்து வருவதால்தான். கோள்களும் அப்படியே: எட்டுக் கோள்களும் எட்டுக் கடவுளர்கள். மாஸர், செகுண்டா என்ற இரண்டு நிலாக்களும் செத்துப்போன லோர்கான் எனும் கடவுளின் உடல் என்று ஒரு கதை உண்டு.

ஆக அங்கே வானியல், மந்திரம், இறையியல் மூன்றும் ஒரே பாடம். வானத்தை ஆராய்கிறவன் கடவுளின் மேல் கைவைக்கிறான்.

வெளிச்சத்தைச் சேமிக்க முயன்றது ட்வெமர்கள் மட்டும் இல்லை. டாம்ரியல் கண்டத்தின் நடுவே இருக்கும் சிரடீலில் வாழ்ந்த அய்லீட் எல்ஃப்களும் முயன்றிருக்கிறார்கள். 2006இல் வந்த ஆப்லிவியனை விளையாடியவர்களுக்கு அய்லீட் இடிபாடுகளில் மின்னும் வெல்கிண்ட் கற்கள் நினைவிருக்கும். ஆனால் அய்லீட்களுக்கு வெளிச்சத்தின் மேல் பக்தி இருந்தது. ட்வெமர்களுக்கு எதன் மேலும் பக்தி கிடையாது. கடவுள் என்று ஒன்று இருந்தால் அது எப்படி இயங்குகிறது, அதையே நாமும் செய்துவிட்டால் என்ன என்று யோசித்த இனம் அது. கடவுளர்களின் கையில் இருந்த வேலையை, அதாவது உலகத்தின் இயல்பையே, இந்த அறைக்குள் மறுபடி செய்து பார்ப்பதுதான் ஆக்குலரியின் நோக்கம் என்று அங்கே சந்திக்கும் பராட்டஸ் டெசிமியஸ் சொல்கிறார். எனக்கு என்னவோ, ட்வெமர்களின் முடிவும் இதே ஆசையின் இன்னொரு முகம்தான் என்று தோன்றுகிறது. முதல் யுகம் 700இல் ரெட் மவுண்டன் எரிமலையில் ட்வெமர்களின் தலைமைப் பொறியாளர் கக்ரெனாக் லோர்கானின் இதயத்தைத் தன் கருவிகளால் தட்டியதோடு அந்த இனமே ஒரு நொடியில் காணாமல் போனது. ம்சுல்ஃப்ட்டில் இருந்தவர்களும் அந்த நொடியில்தான் போனார்கள்.

ஸ்கைரிம் நடப்பது நான்காம் யுகம் 201இல். நடுவில் வரும் யுகங்களையெல்லாம் கூட்டினால் 3,750 வருஷம் ஆகிறது. அதில் நெடுங்காலம் ஆவி சீறிக்கொண்டு, காவல் எந்திரங்கள் ஓடிக்கொண்டு, ஆளில்லாமல் கிடந்த இடம். பிற்பாடு ஃபால்மர்கள் குடியேறினார்கள். இங்கே விளையாட்டை உருவாக்கிய பெதெஸ்டாவின் கதைக்காரர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம். நார்டு மனிதர்களிடம் தப்பித்து அடைக்கலம் கேட்டு வந்த பனி எல்ஃப்களுக்கு நச்சுக் காளானைத் தின்னக் கொடுத்துக் கண்ணைப் பறித்து அடிமைகளாக்கியவர்கள் ட்வெமர்கள். அந்தக் குருடான சந்ததிதான் இப்போது, வெளிச்சத்தைப் பிடிக்கக் கட்டிய இடத்தில் குடியிருக்கிறது. எந்திரத்துக்கு வேண்டிய குவிப்புப் படிகம்கூட ஒரு ஃபால்மரிடம்தான் இருக்கும். அது எதற்கு என்று அவனுக்குத் தெரியவே வழியில்லை. விளையாட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்புறம் வருகிறார்கள் சினாட் ஆட்கள். மேஜஸ் கில்ட் எனும் பழைய மந்திரவாதிகள் சங்கம் கலைந்த பிறகு சிரடீலில் இரண்டு போட்டி அமைப்புகள் உருவாயின. ஒன்று சினாட், இன்னொன்று காலேஜ் ஆஃப் விஸ்பர்ஸ். சினாட் மந்திரவாதிகள் சிலர் ம்சுல்ஃப்ட்டுக்கு வந்து எந்திரத்தைப் பழுதுபார்த்தார்கள். ஆனால் ட்வெமர்களின் கேள்வியில் அவர்களுக்கு அக்கறை இல்லை. வானத்தைப் பார்த்த கருவியை டாம்ரியல் நிலப்பரப்பின் பக்கம் திருப்பி, பெரிய மந்திர சக்தி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார்கள். கடவுளை அளக்கக் கட்டியதைப் புதையல் தேடப் பயன்படுத்தினார்கள். அந்த ஆசைக்கு விலையும் கொடுத்தார்கள். நாம் போய்ச் சேரும்போது அவர்களில் ஒருவரான கவ்ரோஸ் பிளினியஸ் முதல் அறையிலேயே உயிரை விடுகிறார். உள்ளே பராட்டஸ் மட்டும் கதவை அடைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

மீதிக் கதை வின்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரியின் குவெஸ்டில் நம் கையாலேயே நடக்கிறது. படிகத்தைப் பொருத்தி, நெருப்பு மந்திரத்தால் சூடாக்கி, பனி மந்திரத்தால் குளிர வைத்து, ஒளிக்கதிர்களைச் சரியான கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் என்ற பள்ளிக்கூட இயற்பியலை ஒரு மந்திரப் புதிராக்கியது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு மந்திரங்களும் தெரியாதவர்களுக்கு அந்த அறையிலேயே புத்தகம் கிடைக்கும். பிறகு கூரை வளையங்களைச் சுழற்றினால் சுவரில் வரைபடம் விழுகிறது. பராட்டஸ் எதிர்பார்த்த படம் அது இல்லை. இரண்டே இரண்டு புள்ளிகள்தான் தெரியும்: ஒன்று லாபிரிந்தியன் இடிபாட்டில் இருக்கும் மேக்னஸின் கோல், இன்னொன்று நம் கல்லூரியில் இருக்கும் மேக்னஸின் கண். சார்தால் இடிபாட்டில் நாம் தோண்டி எடுத்த அந்தக் கண்தான் மற்ற எல்லாவற்றையும் மறைக்கிறது. மனிதர் கொதித்துப்போய் நம்மையே சந்தேகப்படுவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு வரலாற்றையும் ஒரு பதற்றக்காரரின் பேச்சில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் உரையாடலைத் தட்டிவிட்டுப் போனால் இது இன்னொரு ட்வெமர் குகை, அவ்வளவுதான். அவரிடம் இருக்கும் எல்லாக் கேள்விகளையும் கேட்டுவிட்டு நகருங்கள். முடிந்தால் பிளாக்ரீச் எனும் நிலத்தடிக் குகை வழியாக ம்சார்க் கோபுரத்துக்கும் போங்கள். அங்கேயும் இதே குடும்பத்து லென்ஸ் எந்திரம் ஒன்று இருக்கிறது. எல்டர் ஸ்க்ரோல் எனும் தீர்க்கதரிசனச் சுருளைப் படிப்பதற்காகச் செய்த எந்திரம் அது. ஸ்க்ரோலைப் படிக்கும் மனிதர்கள் கண்ணை இழக்கிறார்கள் என்பதால், படிக்கும் வேலையை எந்திரத்திடம் தள்ளிவிட்டார்கள் ட்வெமர்கள்.