எஸ்.பி.எம். மட்டும் முடித்தவர், கடை வேலைக்கான சுயவிவரத்தில் எந்தத் திறமைகளை எழுதலாம்?

கேள்வி கேட்டவர் தோட்டத்தில் வளர்ந்த பெண். மலேசியாவில் இடைநிலைப் பள்ளியின் கடைசியில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டார். பட்டணத்துப் பேரங்காடியில் காசாளர் வேலைக்கு மனுப்போட வேண்டும். "அனுபவம் என்ற இடத்தில் எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை" என்கிறார். எனக்கு அந்த 'ஒன்றுமே இல்லை'யின் மேல்தான் சந்தேகம்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பேரங்காடிகளில்தான் பிழைப்பு. முதலில் கவுண்டரில் நின்றேன்; இப்போது ஆள் எடுப்பதும் என் பொறுப்பு. என் மேசைக்கு வரும் சுயவிவரங்களில் பெரும்பாலும் அதே மூன்று மலாய்ச் சொற்கள் இருக்கும்: ராஜின், ஜூஜூர், பெர்டிசிப்லின். சுறுசுறுப்பு, நேர்மை, ஒழுக்கம். "நான் சோம்பேறி, அவ்வப்போது கொஞ்சம் திருடுவேன்" என்று எழுதி அனுப்பியவர் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லாரும் எழுதுவதை நீங்களும் எழுதினால் அந்த வரியை யார் படிப்பார்கள்?

நானும் அப்படித்தான் எழுதினேன். 2003இல் பஸ் நிலையத்துக்கு அருகில் இருந்த தட்டச்சுக் கடைக்காரர் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு அதே சொற்களை அழகாக அடித்துக் கொடுத்தார். நேர்காணலில் மேலாளர் அந்தத் தாளை இரண்டாக மடித்துத் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்துவிட்டார். பிறகு கேட்டார்: "பில் பதினெட்டு வெள்ளி அறுபத்தைந்து காசு. வாடிக்கையாளர் இருபது வெள்ளி நீட்டுகிறார். என்ன செய்வாய்?"

"அறுபத்தைந்து காசு இருக்கிறதா என்று கேட்பேன்."

"எதற்கு?"

"இருந்தால் இரண்டு வெள்ளியாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கல்லாவில் சில்லறையும் சேரும்."

அவர் குவளையைத் தூக்கித் தாளை மீண்டும் எடுத்துப் பிரித்தார். இந்தப் பெண் எங்கே வேலை பார்த்தாள் என்று தேடினார். தாளில் அது இல்லை. அம்மா எங்கள் லயத்து வீட்டு முன்னறையில் சின்ன மளிகைக் கடை நடத்திக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதிலிருந்து கடன் கணக்கு எழுதியது நான்தான். மலேசியாவில் பழைய கடைகளுக்குப் போனவர்களுக்கு அந்த '555' குறிப்புப் புத்தகம் தெரியும். யார் என்ன எடுத்தார், எவ்வளவு பாக்கி, சம்பள நாளில் எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் அதில் ஏறும். பால் டின் வந்தால் பழையதை முன்னுக்குத் தள்ளிப் புதியதைப் பின்னால் அடுக்க வேண்டும். தவறினால் அம்மாவின் கை முதுகில் விழும். பேரங்காடியில் சேர்ந்த முதல் வாரம் இதையே பெரிய பாடமாக நடத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை. வீட்டு வேலையை யாராவது வேலை என்று எழுதுவார்களா என்று நினைத்திருந்தேன்.

உங்கள் நிலையும் இதுதான் என்று ஊகிக்கிறேன். பள்ளிக் கூட்டுறவுக் கடையில் ஓய்வு வேளைகளில் கவுண்டரில் நின்றிருக்கிறீர்களா? கோயில் திருவிழாவில் அர்ச்சனை டிக்கெட் விற்று, இரவு பணத்தை எண்ணிப் பொருளாளரிடம் ஒப்படைத்திருக்கிறீர்களா? அத்தைக்குத் துணையாகப் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பலகாரம் விற்றீர்களா? தீபாவளிக்கு முறுக்குக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்தீர்களா? இவையெல்லாம் பணம், சரக்கு, வாடிக்கையாளர் மூன்றையும் கையாண்ட அனுபவங்கள். கடை முதலாளி தேடுவதும் இந்த மூன்றைத்தான்.

எழுதும்போது குணத்தை விட்டுவிட்டுச் செய்ததை எழுதுங்கள். "நேர்மையானவள்" என்பதற்குப் பதில், "கோயில் திருவிழாவின் மூன்று நாளும் டிக்கெட் பணத்தை எண்ணி ஒப்படைத்தேன், கணக்கில் குறைவு வரவில்லை" என்று எழுதலாம். "கணக்கில் கெட்டிக்காரி" என்பதற்குப் பதில், "பள்ளிக் கூட்டுறவுக் கடையில் ஓராண்டு, வாரம் இரண்டு நாள் விற்பனையும் மாதக் கடைசியில் சரக்கு எண்ணுவதும்" என்று எழுதலாம். நாள், தொகை, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவை உண்மையாக இருந்தால் போடுங்கள். ஊதிப் பெருக்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். கேட்பவர்களும் ஒரு காலத்தில் கவுண்டரில் நின்றவர்கள்தான்.

ஒரு பையனின் தாள் இன்னும் நினைவில் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் குலை எண்ணும் வேலை பார்த்தவன். எத்தனை குலை இறங்கியது, எது பழுத்தது, எது காய் என்று பார்த்து, வெட்டியவரின் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது அவன் வேலை. அதை அப்படியே இரண்டு வரியில் எழுதியிருந்தான். லாரியில் சரக்கு வரும்போது டி.ஓ. தாளில் (சரக்கோடு வரும் பட்டியலில்) உள்ளதும் தரையில் இறங்கியதும் ஒன்றா என்று பார்ப்பதற்கு அவனை விடப் பொருத்தமானவன் எங்கே கிடைப்பான்? கடையில் இருந்த மற்றொருவர் "தோட்டத்து வேலை கடைக்கு எதற்கு" என்றார். நான் எடுத்துக்கொண்டேன்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "தமிழ், மலாய், ஆங்கிலம்" என்று ஒரு வரியில் அடுக்கிவிடாதீர்கள். எந்த மொழியில் எதுவரை முடியும் என்று எழுதுங்கள். மலாயில் புகார் கேட்டுப் பதில் சொல்ல முடியும், ஆங்கிலத்தில் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியும் என்பதுபோல. ஈப்போ வட்டாரத்தில் காண்டனீஸ் எண்கள் தெரிந்தால் அதைக் கட்டாயம் போடுங்கள். ஒரு சீனப் பாட்டி "கேய் தோ ச்சின்?" என்று விலை கேட்கும்போது அவர் மொழியிலேயே தொகையைச் சொல்லும் தமிழ்ப் பெண்ணை எந்த மேலாளரும் மறக்கமாட்டார். சுயவிவரத்தை மலாயிலேயே எழுதுங்கள்.

இனி, யாரும் சொல்லித் தராத ஒன்று. தோட்டத்து முகவரியைப் பார்த்ததும் மேலாளரின் மனத்தில் எழும் முதல் கேள்வி, "இரவு பத்து மணிக்குக் கடை அடைத்த பிறகு இந்தப் பெண் எப்படி வீடு போவாள்?" என்பதுதான். பஸ்ஸை நம்பியிருந்த பிள்ளைகள் இரண்டாம் மாதமே நின்றுவிடுவதைப் பார்த்துப் பழகியவர் அவர். அதனால் அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "பி2 லைசென்ஸ், சொந்த மோட்டார் சைக்கிள்" என்று பெயருக்குக் கீழேயே எழுதுங்கள். இல்லையென்றால் பட்டணத்தில் தங்க இருக்கும் உறவினர் வீட்டையோ, அழைத்துப் போகும் அண்ணனையோ குறிப்பிடுங்கள். இரண்டு ஷிப்டும் முடியுமா, சனி ஞாயிறு முடியுமா என்பதும் அங்கேயே இருக்கட்டும். நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் வேலைக்கு வர முடியும், தீபாவளிக்கு மட்டும் விடுப்பு வேண்டும் என்று ஒரு வரி போடலாம். ஊழியர் பட்டியல் போடுகிறவருக்கு அந்த வரி தங்கம்.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கையும் சுயவிவரத்தில் எழுத வேண்டியதில்லை. வேலை கிடைத்த பிறகு கேட்பார்கள். எதிர்பார்க்கும் சம்பளம் கேட்டால் பயந்துபோய்க் குறைத்து எழுதாதீர்கள்: 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. இணையத்தில் தேடுவதானால் அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதியலாம்.

நேர்காணலுக்கு முன் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிசெய்கிறார்கள். 23.42 என்றால் 23.40, 23.43 என்றால் 23.45. இயந்திரமே செய்துவிடும், உண்மைதான். ஆனால் "ஏன் இரண்டு காசு கூடியது" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வரும்போது இயந்திரம் பேசாது. இதை விளக்கத் தெரியுமா என்று நான் எல்லாரையும் கேட்பேன். பதில் சொன்னவர்கள் குறைவு.

தாளைக் கொடுக்கப் போகும்போது சனிக்கிழமையும் மாதத் தொடக்கமும் வேண்டாம். சம்பளம் கைக்கு வந்த கூட்டம் அலைமோதும். வார நாளில் பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். காசாளரிடம் விட்டுவிட்டு வந்தால் அது பில் சுருளுக்கு அடியில் போய்விடும். மேலாளர் இருக்கிறாரா என்று கேட்டு, அவர் கையிலேயே கொடுங்கள். அவர் அங்கேயே ஏதாவது கேட்டால் நின்று பதில் சொல்லத் தயாராகப் போங்கள். என் நேர்காணலே அப்படி எதிர்பாராமல் நடந்ததுதான்.