புதுப் பர் போட்டும் பல் வெட்டுப்படவில்லையா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு பல் கிளினிக் நடத்துகிறேன். பல்லை வெட்டுகிற, வைரத் துணுக்கு ஒட்டிய சின்ன முனையான டயமண்ட் பர், மலிவானதாக ஒரு பக்கற் வாங்கினேன்; இரண்டு மூன்று பல்லோடு மந்தமாகிவிட்டது. அப்புறம் நாலு மடங்கு விலை கொடுத்து வேறு கொம்பனிப் பர் எடுத்தேன். அதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எந்தக் கொம்பனியை நம்பி வாங்குவது?

பதில்: கொம்பனியைப் பிறகு பார்ப்போம், டொக்டர். மலிவான பரும் விலை கூடிய பரும் ஒரே மாதிரி மந்தமாக வெட்டுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பரில் இல்லை. அதைச் சுற்றவைக்கும் கைக்கருவியான ஹேண்ட்பீஸில், அதற்கு வரும் காற்றில்தான் இருக்கும்.

காற்றால் ஓடும் ஹேண்ட்பீஸான எயார் டேர்பைன் சும்மா சுற்றும்போது நிமிடத்துக்கு 3 லட்சம், 4 லட்சம் சுற்று ஓடும். ஆனால் அதன் முறுக்குவிசை, அதாவது சுற்றுகிற பலம், மிகக் குறைவு. பல்லில் வைத்ததும் வேகம் பாதி அளவுக்கு இறங்கிவிடலாம். வருகிற காற்றும் குறைவாக இருந்தால் பர் பல்லைத் தடவுமே தவிர வெட்டாது. நான் மட்டக்களப்பில் தொழில் தொடங்கிய காலத்தில் இது தெரியாமல் மூன்று கடைப் பர் மாற்றினேன். கடைசியில் ரிப்பெயருக்கு வந்த பொடியன், ஹேண்ட்பீஸ் பூட்டுகிற குழாய் நுனியில் காற்றழுத்தம் அளக்கும் ஒரு சின்னக் கேஜைப் பூட்டிக் காட்டினான். கொம்பிரசரில் அழுத்தம் 6 பார், நுனியில் 1.5 பார் கூட இல்லை. கதிரைக்கு அடியில் குழாய் மடிந்து நசுங்கிக் கிடந்தது. அதை நிமிர்த்திய அன்று, குப்பைக்குப் போட வைத்திருந்த பர்களில் பாதி மறுபடியும் வெட்டின.

ஆகவே முதலில் நுனியில் அழுத்தத்தை அளந்து பாருங்கள். பொதுவாக 2 முதல் 3 பார் வரை கேட்பார்கள். சரியான எண் உங்கள் ஹேண்ட்பீஸின் கையேட்டில் இருக்கும். கூட்டி வைத்தாலும் கெடுதல்தான், பெயரிங் சீக்கிரம் போய்விடும். நம் கரையோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கொம்பிரசர் தாங்கியில் நாள்தோறும் தண்ணீர் சேரும். மாலையில் கிளினிக்கைப் பூட்டும் முன் அதை வடித்துவிடுங்கள்.

அடுத்தது பரைப் பிடிக்கும் சக். டேர்பைன் பரின் காம்பு 1.6 மில்லிமீற்றர். அதை முழுவதும் உள்ளே செலுத்திப் பூட்டியபின் விரலால் இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அந்த ஹேண்ட்பீஸை அன்றைக்கே ஒதுக்கிவையுங்கள். நோயாளியின் தொண்டைக்குள் பர் போனால் பெரிய ஆபத்து. சுற்றும்போது பரின் முனை இரண்டாகத் தெரிந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம். ஆடும் பர் நோயாளிக்கு அதிர்வைக் கொடுக்கும், தன் வைரத்தையும் விரைவில் உதிர்க்கும்.

தண்ணீரைப் பலரும் சூடு தணிக்க மட்டும் என்று நினைக்கிறார்கள். வெட்டுப்பட்ட தூளைக் கழுவி எடுப்பதும் அதுதான். கழுவாவிட்டால் வைரத் துணுக்குகளுக்கு நடுவில் தூள் அடைந்து, பர் வழுவழுப்பாகிவிடும். மில்லிலீற்றர் அளவு குறித்த ஒரு கோப்பையை எடுத்து, ஒரு நிமிடம் ஹேண்ட்பீஸை அதற்குள் ஓடவிடுங்கள். 50 மில்லிலீற்றராவது சேர வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீரை நேராக விட்டால் ஸ்பிரே துளைகளில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும்; காய்ச்சி வடித்த நீரைப் போத்தலில் விடுவதே நல்லது. பல்லின் உட்கூழ் 5.5 பாகை செல்சியஸ் சூடேறினாலே சில பற்கள் தேறாமல் போயின என்று 1965இல் குரங்குகளில் செய்த ஆய்வு காட்டியது. பர் மழுங்க மழுங்க நம் கை தானாகவே கூட அழுத்தும். அழுத்தினால் வேகம் இறங்கும், சூடு ஏறும். இதனால்தான் மழுங்கிய பரைப் பற்றி நான் இவ்வளவு பயத்தோடு பேசுகிறேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வெட்டவில்லையா? அப்போது பரைப் பார்க்கலாம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியில் முனையைப் பாருங்கள். நல்ல பர் சீனி தூவியது போல இருக்கும். நடுவில் வெள்ளைத் தூள் அடைந்திருந்தால் கழுவினால் திரும்பி வரும். மொட்டையாகப் பளபளவென்று, வைரத்தைப் பிடித்திருக்கும் நிக்கல் தெரிந்தால் அது முடிந்தது. பெரும்பாலான பர்களில் வைரம் ஒரே ஒரு படைதான். பொருளுக்கு ஏற்ற பரா என்பதையும் கவனியுங்கள். எனாமலுக்கும் போசலினுக்கும் டயமண்ட், பல்லுக்கு மேல் போட்ட பழைய உலோகக் கிரவுணை (உறையை) அறுக்கக் கார்பைட் பர். மிகக் கடினமான பீங்கான் வகையான சிர்கோனியா கிரவுணை அறுத்த பரை அதற்குப் பிறகு பல்லில் வைக்காதீர்கள். காம்பில் பச்சை, கறுப்பு வளையமுள்ள டயமண்ட் பர்கள் கரடு. சிவப்பு, மஞ்சள் நைசானவை. கரடு வேகமாக வெட்டும், ஆனால் எனாமலில் நுண்ணிய வெடிப்புகளை விட்டுச் செல்லும்.

வாங்கும்போது ஒரு பரின் விலையைப் பார்க்காமல், ஒரு பல்லுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பாருங்கள். முதல் பல்லில் எல்லாப் பரும் நன்றாகத்தான் வெட்டும். ஐந்தாவது பல்லில்தான் விலையின் நியாயம் தெரியும். இரண்டு வகையிலும் ஐந்தைந்து வாங்கி, எத்தனை பல்லுக்கு நின்றது என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு வாருங்கள். பக்கற்றில் தொகுதி இலக்கமும், ஒருமுறைப் பாவனையா பலமுறைப் பாவனையா என்பதும் இருக்க வேண்டும். ஒருமுறைக்கு என்று செய்ததை, நீராவியில் கிருமி நீக்கும் ஒட்டோகிளேவில் போட்டு மீண்டும் எடுக்காதீர்கள். மருத்துவ உபகரணங்களுக்கு இலங்கையின் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு வேண்டும். விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: அக்கரைப்பற்றில் பல் அடைக்கப் போனேன். துளைக்கும்போது கருகல் வாசம் வந்தது. மெசினில் பிழையா? கேட்டால் டொக்டர் கோபிப்பாரோ என்று பேசாமல் வந்துவிட்டேன்.

பதில்: பல்லை வெட்டும்போது இலேசான வாசம் வருவது வழமை. ஆனால் வாய்க்குள் தண்ணீர் விழாமல், கருகல் வாசத்தோடு சூடும் வலியும் வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. கேட்பது உங்கள் உரிமை; நல்ல வைத்தியர் இதற்குக் கோபிக்கமாட்டார். துளைக்கத் தொடங்கும் முன்னரே, “கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்” என்று சொல்லி வையுங்கள். அந்தப் பல் இப்போது சூட்டுக்குக் கூசி, அந்தக் கூச்சம் நெடுநேரம் நிற்கிறதா? அல்லது இரவில் தானாக வலிக்கிறதா? அப்படியென்றால் காத்திருக்காமல் மறுபடியும் போய்க் காட்டுங்கள்.